நாலு பேரில் ஒருத்தி

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று
தூக்கம் கெட்டுப் புரள்கிறீர்களே,
அந்த நாலு பேரில் நான் ஒருத்தி.
பெயர் லமாரா. வேலை: மோந்து பார்ப்பது.

குட்டாய்சி நகரில், ஆற்றைப் பார்த்த கட்டடத்தில்,
மூன்றாம் மாடியில் ஹீட்டர் செத்துப்போன அறை.
நாடகக் கொட்டகை மூடிக்கிடந்த குளிர்காலம்.
மணிக்கணக்கில் கூலி, நடுவில் ஒரு தேநீர்.

மேசைமேல் மூன்று தம்ளர்.
மூன்றிலும் ஒரே குழாயின் ஒரே தண்ணீர்.
"எதில் பேரிக்காய் வாசனை?"
ஆராய்ச்சிக்கார மெடேயா கேட்பாள்,
காகிதத்திலிருந்து தலை தூக்காமல்.
"நடுத் தம்ளர்" என்பாள் எத்தேரி.
"நடு" என்பேன் நான்,
கொஞ்சம் யோசித்ததுபோல் (அது என் சொந்தச் சரக்கு).
"நடுதான்" என்பான் கோச்சா.
பழைய பஸ் கண்டக்டர் நுக்ஸார்
தலையை மட்டும் ஆட்டுவார்.

நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம்.
நாங்கள் ஒரே விதமாகப் பேசினோம்.
ஐந்தாவது நாற்காலிக்கு
அது போதுமானதாக இருந்தது.

மணிக்கட்டில் மாவு ஒட்டிய ரொட்டிக்கடைப் பெண்,
மூக்கு தண்ணீர் என்றது, முகம் எங்களைப் பார்த்தது;
அனுமதி கேட்பதுபோல "நடு" என்றாள்.
சுங்க அதிகாரி ஒருவர்
வாசனை தூக்கலாக இருப்பதாகக் குறை சொன்னார்.
கழுத்து சிவக்க "ஒன்றுமில்லை" என்றவர்களும் உண்டு,
சொல்லிவிட்டு
எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று
பிறகு தனியாகக் கேட்பாள் மெடேயா.
சளி, என்றார்கள். காலையில் பல் தேய்த்த பசை, என்றார்கள்.
நிஜமாகவே வந்தது, என்றார்கள்.
உங்களால்தான் என்று
எங்களைக் காட்டியவர் ஒருவருமில்லை.

ஜனவரி முடிவதற்குள்
எனக்கே வர ஆரம்பித்துவிட்டது வாசனை.
வீட்டுக் கெட்டிலில், பல் துலக்கும் குவளையில்,
ஜன்னலில் உருகும் பனியில்.
யாரிடமும் சொல்லவில்லை.
பொய் சொல்லக் கூலி வாங்குகிறவள்
மெய்யென்று நம்பினால்
கூலியைத் திருப்பித் தரவேண்டுமா?

பிப்ரவரியில் ஒருநாள்
நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி.
நாங்கள் பேசப் பேச
ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நடு. நடு. நடுதான்.
நுக்ஸார் தம்ளரைக் கீழே வைத்தார்.
"தண்ணீர்" என்றார்,
நிறுத்தத்தின் பெயரைக் கூவுகிற அதே குரலில்.

மெடேயாவின் பென்சில் நின்றது.
குடைக்காரி நெடுநேரம் பிடித்து வைத்திருந்த
மூச்சை விட்டாள்.
"எனக்கும் தண்ணீர்தான்" என்று சிரிக்கத் தொடங்கியவளுக்கு
நிறுத்தத் தெரியவில்லை.
அந்தத் தாள் கிழிந்து குப்பைக்குப் போனது,
நுக்ஸாருக்கு அரை நாள் கூலி.
படியிறங்கும்போது கேட்டேன்: ஏன்?
"வசனம் மறந்துபோச்சு" என்றார்.
ஒரு சொல் வசனம்.
அதுவும் தலையாட்டினால் போதுமான வசனம்.

மறுவாரம் சந்தையில்
வால்நட் விற்கிறவளின் பணப்பையைக் காணோம்.
நீலத் தொப்பிப் பையன்தான், என்றார் ஒருவர்.
ஆமாம், நீலத் தொப்பி.
நானும் பார்த்தேன், நீலம்.
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்;
நாலாவது ஆள் நான்.
சத்தியமாகச் சொல்கிறேன்,
அந்தக் கணம் எனக்கும் தெரிந்தது
பையன் கை, பை, தொப்பியின் நீலம்.
"ஆ" வரைக்கும் வாய் திறந்தும்விட்டது.

"நான் வெங்காயம் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.
குரல் பிசிறியது; ஒத்திகை இல்லாத குரல்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அந்தப் பையன்கூட என்னைப் பார்க்கவில்லை.
வால்நட்காரி மட்டும் குனிந்து
சாக்குக்கு அடியில்
இன்னொரு முறை தேடத் தொடங்கினாள்.

கிடைத்ததா, தெரியாது.
பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.
மூச்சுப் படிந்த கண்ணாடியில்
இன்னும் அந்தப் பேரிக்காய்.